வானிலிருந்து வந்த வளர்ப்புப் பிள்ளை

ஒரே கதையைப் பலர் பல காலங்களில் எடுத்துச் சொல்லும்போது, அதில் எது மாறாமல் நின்றது என்பதைவிட எது மாறியது என்பதே ஆராய்வாருக்குச் சுவை தருவது. வான்மீகியின் இராவணன் சீதையைக் கையாற் பற்றித் தூக்கிச் செல்கிறான். கம்பனின் இராவணனோ பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்துப் போகிறான். கதை ஒன்றுதான். ஆயினும் அந்த ஒரு மாற்றத்திலே கம்பன் வாழ்ந்த சமூகமும், அது போற்றிய ஒழுக்கமும், அது அஞ்சிய பழியும் நமக்குத் தெரிந்துவிடுகின்றன.

இந்த முறையை இன்று நான் வேறொரு கதையிலே பிரயோகிக்க விரும்புகிறேன். அது அமெரிக்கச் சித்திரக்கதை வீரனான சுப்பர்மேனின் கதை. இலக்கிய உரையிலே நீல உடையும் செந்நிற மேலங்கியும் தரித்துப் பறப்பவனுக்கு என்ன வேலை என்று நேயர்களிற் சிலர் கேட்கக்கூடும். 1938ஆம் ஆண்டு பிறந்த இக்கதை, 1941 முதல் 2025 வரை ஏறக்குறைய ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகப் படமாக்கப்பட்டு வந்திருக்கிறது. ஒரு தேசம் தன் பலத்தைப் பற்றித் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட கதை இது. அதனை அலட்சியம் செய்துவிட்டு அந்தத் தேசத்தின் இருபதாம் நூற்றாண்டைப் பேசுவது குறைவுடையதாகும் என்பது என் கருத்து.

எந்த நடிகர் அழகாகப் பறந்தார், எந்தப் படத்திலே தந்திரக் காட்சிகள் சிறந்தன என்ற ஒப்பீடுகள் ஏராளமாக வந்துவிட்டன. நான் இரண்டு கேள்விகளை மாத்திரம் அளவுகோலாகக் கொள்கிறேன். இவன் தன் பலத்தோடு யாருக்கு எதிரே போய் நிற்கிறான், அவனது முதுகுக்குப் பின்னால் யாருக்கு இடம் கிடைக்கிறது என்பது முதலாவது. அந்தப் பலத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதை அவன் யாரிடம் கற்றான், பெற்றவரிடமா வளர்த்தவரிடமா என்பது இரண்டாவது.

மூலக் கதையிலிருந்து தொடங்குவோம். சுப்பர்மேனைப் படைத்தவர்கள் இருவர். ஜெரி சீகல் எழுதினார். ஜோ ஷூஸ்டர் வரைந்தார். இருவரும் 1914ஆம் ஆண்டிலே பிறந்தவர்கள். ஐரோப்பாவிலிருந்து வட அமெரிக்காவிற் குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். ஷூஸ்டர் பிறந்தது கனடாவின் ரொரன்ரோ நகரில். அமெரிக்காவின் கிளீவ்லன்ட் நகரப் பாடசாலையில் இருவரும் நண்பர்களானார்கள். பெரும் பொருளாதார மந்தம் நிலவிய காலம் அது. 1932ஆம் ஆண்டு சீகலின் தந்தையாரின் துணிக்கடையிலே திருட்டு நடந்தது. அந்தச் சம்பவத்தின்போது அவர் நிலைகுலைந்து விழுந்து இறந்துபோனார். துப்பாக்கிக் குண்டு துளைக்க முடியாத ஒரு மனிதனை அதன்பின் அந்த மகன் கற்பனை செய்தான் என்பதிலே வியப்பில்லை.

1938ஆம் ஆண்டு 'அக்சன் கொமிக்ஸ்' என்னும் சஞ்சிகையின் முதல் இதழிலே சுப்பர்மேன் தோன்றினான். இதழின் விலை 10 சதம். கதை 13 பக்கங்கள். பக்கத்துக்கு 10 டொலர் வீதம் 130 டொலர் பெற்றுக்கொண்டு, அந்தப் பாத்திரத்தின் உரிமை முழுவதையும் படைப்பாளிகள் இருவரும் வெளியீட்டாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இந்த 130 டொலரை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் அது நமக்குத் தேவைப்படும்.

அந்தப் பதின்மூன்று பக்கங்களில் அவன் செய்தவை யாவை? செய்யாத குற்றத்துக்கு மரண தண்டனை விதிக்கப்பட்ட ஒரு பெண்ணைக் காப்பாற்ற நள்ளிரவில் ஆளுநரின் வீட்டுக் கதவை உடைத்துப் போகிறான். மனைவியை அடிக்கும் ஒருவனைச் சுவரோடு வீசுகிறான். சட்டசபை உறுப்பினரை இரகசியமாக விலைபேசும் ஒருவனைத் தூக்கிக்கொண்டு உயரத்தில் ஓடி நடுங்க வைக்கிறான். 1939ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வந்த எட்டாவது இதழில், வறியவர்கள் வாழும் சேரிக் கட்டடங்களை, குடியிருப்பாளரைப் பொருட்களோடு வெளியேறச் சொல்லிவிட்டு, தானே இடித்துத் தள்ளுகிறான். அழிவு ஏற்பட்டால்தான் அரசாங்கம் புதிய வீடுகள் கட்டித் தரும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. இந்தச் சேரிக் கதைக்கும் நாம் பின்னர் திரும்பி வருவோம்.

ஆக, மூலத்திலே அவனுடைய பகைவர்கள் வேற்றுக்கிரகத்து அரக்கர்களல்லர். பணமும் அதிகாரமும் படைத்த உள்ளூர்க்காரர்கள். அவனுக்குப் பின்னால் நின்றவர்கள் கேட்பாரற்ற எளியவர்கள். அவனுக்கு அப்போது பறக்கவும் தெரியாது. ஒரு மைலில் எட்டில் ஒரு பங்கு தூரம் தாவுவான், அவ்வளவுதான். அழிந்துபோன ஒரு கிரகத்திலிருந்து குழந்தையாக அனுப்பப்பட்டு, வழிப்போக்கர் ஒருவரின் கண்ணிற் பட்டு, அநாதை இல்லத்திலே சேர்க்கப்பட்டவன். வளர்ப்புப் பெற்றோரான கென்ட் தம்பதியர் 1939ஆம் ஆண்டிலேதான் கதைக்குள் வருகிறார்கள். பேழையிலே வைத்து ஆற்றில் விடப்பட்ட கர்ணனையும், நாணற் கூடையில் மிதந்த மோசேயையும் அறிந்த நமக்கு இந்தக் கதை புதியதன்று. சொந்த மண்ணை இழந்து வந்து வேறு பெயரோடு வாழும் அந்நியன் ஒருவன், தன்னை ஏற்றுக்கொண்ட ஊருக்குத் தன் பலத்தைக் கொடுக்கிறான். குடியேறியோரின் பிள்ளைகள் இருவர் எழுதிய கதையிலே இந்தக் கரு இருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

முதலில் இவனுக்கு உயிர் கொடுத்தது வானொலி. 1940ஆம் ஆண்டு பெப்ரவரியிலே தொடங்கிய வானொலித் தொடரிலே பட் கொலியர் என்ற நடிகர் ஒரே குரலை இரண்டாக்கினார். செய்தியாளன் கிளார்க் கென்ட்டுக்கு மென்மையான குரல். உடை மாற்றியதும் அதே வாக்கியத்தின் நடுவிலேயே குரல் தாழ்ந்து கனத்துவிடும். வானொலி நேயர்களுக்கு இதன் அருமையை நான் விளக்கத் தேவையில்லை.

திரைக்கு அவனை முதன்முதலாகக் கொண்டுவந்தவர்கள் மக்ஸ், டேவ் பிளைஷர் என்னும் சகோதரர்கள். பொப்பாயைத் திரைக்குக் கொண்டுவந்தவர்களும் இவர்களே. 1941 முதல் 1943 வரை பரமவுன்ட் நிறுவனத்துக்காக 17 வர்ணக் காட்டூன் படங்கள் வெளியாயின. முதற்படம் ஒஸ்கார் பரிசுக்கு முன்மொழியப்பட்டது. தாவுதல் திரையிலே எடுப்பாக அமையவில்லை. எனவே அவன் படிப்படியாகப் பறக்கத் தொடங்கினான். இன்று சுப்பர்மேன் என்றதும் எவர் மனதிலும் எழுகின்ற பறக்கும் உருவம் இவ்வாறு வானொலிக்கும் காட்டூனுக்கும் இடையிலே பிறந்ததாகும்.

ஆனால் பறக்கத் தொடங்கியவன் மூலக் கதையின் எளியவர்களை விட்டு மேலே போய்விட்டான். அமெரிக்கா யுத்தத்தில் இறங்கிய பின்னர் வந்த படங்களில் அவன் தேசத்தின் படைவீரன். 1942ஆம் ஆண்டு வெளியான ஒரு படத்தில் ஜப்பானிய நாசகாரர்கள் அமெரிக்க விமானமொன்றைக் கைப்பற்றுகிறார்கள், சுப்பர்மேன் முறியடிக்கிறான். அதே 1942ஆம் ஆண்டிலேதான் ஜனாதிபதியின் ஆணைப்படி ஜப்பானிய வம்சாவளியினர் ஏறக்குறைய 120,000 பேர் வீடு வாசல்களிலிருந்து அகற்றப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலே பிறந்த பிரஜைகள். குடியேறியவரின் பிள்ளைகள் படைத்த வீரன், குடியேறிய இன்னொரு சமூகத்தைச் சந்தேகக் கண்கொண்டு பார்ப்பதற்குத் திரையிலே துணைபோனான். அந்தக் காட்டூன்களின் ஒளியும் நிழலும் இன்றும் வியக்க வைக்கின்றன. எனினும் அழகு வேறு, நியாயம் வேறு என்பதை அவற்றைப் பார்க்கும்போது மறந்துவிடலாகாது.

இந்தக் கறையை ஓரளவு துடைத்ததும் வானொலியே. 1946ஆம் ஆண்டு அந்தத் தொடரிலே 16 அங்கங்களாக ஒலிபரப்பான கதையொன்றில், சீன வம்சாவளிக் குடும்பமொன்றை முகமூடி அணிந்த கூட்டம் ஒன்று ஊரைவிட்டுத் துரத்த முயல்கிறது. கூட்டத்தின் பெயர் கற்பனைப் பெயர். ஆனால் அது 'கூ கிளக்ஸ் கிளான்' என்னும் நிறவெறி இயக்கத்தையே குறிக்கிறது என்பதை விளங்கிக்கொள்ளாதவர் இருந்திருக்க மாட்டார். பகைவன் மீண்டும் உள்ளூர்க்காரனானான். அந்நியனுக்கு மீண்டும் அவன் முதுகுக்குப் பின்னால் இடம் கிடைத்தது.

மனித நடிகரைக் கொண்டு எடுக்கப்பட்ட முதல் முயற்சி 1948ஆம் ஆண்டு கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட 15 பகுதித் தொடர்படம். கேர்க் அலின் நடித்தார். குறைந்த செலவிலே எடுத்த படமாதலால் நடிகர் ஓடிவந்து தாவுவார். மறுகணம் ஒரு காட்டூன் உருவம் பறந்து செல்லும். அதைப் பார்த்து இன்று சிரிப்பது எளிது. வாராவாரம் திரையரங்கிலே காத்துக்கிடந்த சிறுவர்கள் சிரிக்கவில்லை. 1950இல் இரண்டாவது தொடர்படமும் வந்தது.

நான் நேயர்களின் கவனத்துக்கு விசேடமாகக் கொண்டுவர விரும்புவது 1951ஆம் ஆண்டின் 'சுப்பர்மேனும் நிலத்தடி மனிதரும்' என்னும் படத்தை. நீளம் 58 நிமிடங்கள் மாத்திரமே. லீ ஷோலம் நெறிப்படுத்தினார். ஜோர்ஜ் ரீவ்ஸ் நடித்தார். சிறிய ஊரொன்றிலே உலகின் மிக ஆழமான எண்ணெய்க் கிணறு தோண்டப்படுகிறது. பூமியின் உள்ளேயிருந்து சிறுபிள்ளை உயரமுள்ள இரண்டு உயிரினங்கள் அந்தக் குழாய் வழியே மேலே வருகின்றன. அவை எவருக்கும் தீங்கு செய்யவில்லை. ஒரு வீட்டிலே சிறுமி ஒருத்தி அவற்றோடு பந்து உருட்டி விளையாடுகிறாள். தாய் கண்டு அலறுகிறாள். அவ்வளவுதான், ஊர் திரண்டுவிடுகிறது. துப்பாக்கியோடும் நாயோடும் வேட்டை தொடங்குகிறது. ஒன்று சுடப்பட்டு அணைக்கட்டின் மேலிருந்து விழ, சுப்பர்மேன் தாங்கிப் பிடித்து வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்கிறான். கூட்டம் அங்கேயும் வருகிறது. வைத்தியசாலை வாசலிலே அவன் நின்றுகொண்டு, ஹிட்லரின் படையினர் போல நடக்கிறீர்கள் என்று கண்டித்து, ஒவ்வொருவராகத் துப்பாக்கியைப் பறிக்கிறான்.

இப்படத்திலே பறக்கும் காட்சி அதிகமில்லை. கட்டடம் எதுவும் இடியவில்லை. ஆனால் ஹொலிவூட்டின் எழுத்தாளர்களும் நெறியாளர்களும் பொதுவுடைமைவாதிகள் என்ற சந்தேகத்தின் பேரில் விசாரிக்கப்பட்டுச் சிறை சென்ற காலம் அது. அயலவனைக் கண்டு அஞ்சிய அந்தக் காலத்திலே, பயந்த பெரும்பான்மைக்கு எதிராகப் பேச்சற்ற இருவருக்காக வாசலில் நின்ற வீரனைக் காட்டுவதற்குத் துணிவு வேண்டும். என் முதலாவது அளவுகோலுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் பிற்காலத்துக் கோடிக்கணக்கான டொலர் படங்களிலும் அரிதாகவே அகப்படுகிறது.

இனி அந்த 130 டொலருக்கு வருவோம். சுப்பர்மேன் சஞ்சிகை, வானொலி, திரை, விளையாட்டுப் பொருள் என்று பெரும் செல்வம் ஈட்டினான். உரிமையை மீட்பதற்குச் சீகலும் ஷூஸ்டரும் 1947ஆம் ஆண்டு வழக்குத் தொடுத்தார்கள். 1948இல் சுமார் 94,000 டொலருடன் வழக்கு சமரசமாக முடிந்தது. சுப்பர்மேன் வெளியீட்டாளரிடமே இருந்துவிட்டான். சித்திரக்கதை இதழ்களிலிருந்து அவனைப் படைத்தவர்களின் பெயர்கள் அகற்றப்பட்டன. காலம் சென்றது. ஷூஸ்டரின் கண்பார்வை ஏறக்குறைய முற்றாக மங்கியது. சீகல் கலிபோர்னியாவிலே எழுதுவினைஞராக வேலை பார்த்தார். 1975ஆம் ஆண்டு பெருஞ்செலவில் சுப்பர்மேன் படம் தயாராகிறது என்ற செய்தி வந்தது. சீகல் தாம் பட்ட துயரத்தை நீண்ட அறிக்கையாக எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். அந்தப் படம் தோல்வியடைய வேண்டும் என்று சபித்தார். தன் பிள்ளையின் திருமணத்தைத் தகப்பன் சபிப்பது போன்ற நிலை அது. ஜெரி ரொபின்சன், நீல் அடம்ஸ் முதலிய சக ஓவியர்கள் அவர்களுக்காகக் குரல் கொடுத்தார்கள். அவ்வாண்டு டிசம்பரிலே நிறுவனம் இணங்கியது. இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டொலர் உதவிப்பணம் கிடைத்தது. அவர்களது பெயர்களும் மீண்டும் அச்சேறின.

1978ஆம் ஆண்டு வெளியான ரிச்சர்ட் டொனரின் படத்தை இந்தப் பின்னணியோடு பார்க்க வேண்டும். சில நிமிடங்களே தோன்றும் தந்தை வேடத்துக்காக மார்லன் பிராண்டோவுக்குக் கொடுக்கப்பட்ட சம்பளம் 37 இலட்சம் டொலர் என்று அந்நாளிலே பேசப்பட்டது. பெயர்ப் பட்டியலில் பிராண்டோவும் ஜீன் ஹக்மனும் முன்னே வர, சுப்பர்மேனாக நடித்த கிறிஸ்தோபர் ரீவின் பெயர் மூன்றாவதாகவே வந்தது. ஆனால் சீகல், ஷூஸ்டர் என்ற இரு பெயர்களும் அத்திரையிலே இருந்தன. மற்றெல்லாத் தந்திரக் காட்சிகளையும்விட அந்த ஒரு வரியே அப்படத்தின் பெரிய சாதனை எனின் மிகையாகாது.

படமாகவும் அது சிறந்ததே. மனிதன் பறப்பதை நம்ப வைக்கும் புதிய தந்திர முறைகளுக்காக விசேட ஒஸ்கார் விருது கிடைத்தது. எனினும் என் மனதிலே நிற்பது பறத்தல் அன்று. லொயிஸ் லேனின் வீட்டிலே கிளார்க் கென்ட் கண்ணாடியைக் கழற்றி ஒருகணம் நிமிர்ந்து நிற்கிறான். தோள் விரிகிறது, குரல் மாறுகிறது. அவனே சுப்பர்மேன் என்று எண்ணும்போதே மீண்டும் கூனிக் கண்ணாடியை அணிந்துகொள்கிறான். எந்தத் தந்திரமும் இல்லாமல் ரீவ் தம் உடம்பால் மட்டும் செய்த மாற்றம் அது. வானொலியிலே கொலியர் குரலாற் செய்ததை இவர் முதுகெலும்பாற் செய்தார்.

என் இரண்டாவது கேள்விக்கும் இப்படம் நேராக முகங்கொடுக்கிறது. வளர்ப்புத் தந்தை மாரடைப்பால் இறக்கிறார். இத்தனை சக்தி இருந்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லையே என்று இளைஞன் கலங்குகிறான். பெற்ற தந்தையோ மனித வரலாற்றிலே தலையிடாதே என்று கட்டளையிட்டிருக்கிறார். இறுதியிலே லொயிஸ் பூமி வெடிப்பில் இறந்துபோக, இரண்டு தந்தையரின் குரல்களும் அவன் காதில் ஒலிக்கின்றன. அவன் பெற்றவரின் கட்டளையை மீறி, காலத்தையே பின்னோக்கித் திருப்புகிறான். அறிவியல் ஒப்புக்கொள்ளாத முடிவுதான். ஆனால் தன்னைப் பெற்றவள் வந்து அழைத்தபோதும், தனக்குப் பெயர் தந்தவன் பக்கமே நின்ற கர்ணனை அறிந்த நமக்கு அந்த முடிவின் மனம் விளங்கும்.

இதன் தொடர்ச்சிகள் படிப்படியாக இறங்கின. இரண்டாம் படத்தின் பெரும்பகுதியை எடுத்திருந்த டொனரைத் தயாரிப்பாளர்கள் நீக்கிவிட்டு ரிச்சர்ட் லெஸ்டரைக் கொண்டு முடித்து 1980இல் வெளியிட்டார்கள். டொனர் எடுத்தவற்றைத் தொகுத்த வடிவம் 2006ஆம் ஆண்டிலேதான் வெளிவந்தது. 1983ஆம் ஆண்டின் மூன்றாம் படம் கணனி என்ற புதிய அச்சத்தை நகைச்சுவையாக்கியது. 1987ஆம் ஆண்டின் நான்காம் படத்தை எல்லோரும் இகழ்வர். தயாரித்த நிறுவனம் செலவைப் பாதியாக வெட்டியதால், இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரத்து வீதி நியூயோர்க்காக நடிக்க நேர்ந்தது. ஆயினும் அதன் கருவை ரீவே விரும்பித் தேர்ந்தார். ஒரு பாடசாலைச் சிறுவனின் கடிதத்தைக் கண்டு, உலகின் அணு ஆயுதங்களையெல்லாம் திரட்டிச் சூரியனுள் எறிகிறான் சுப்பர்மேன். முடிவிலே, சமாதானத்தை நான் பரிசாகத் தர முடியாது, நீங்கள் அனைவரும் விரும்பினால்தான் அது வரும் என்ற கருத்தைச் சொல்கிறான். அதே ஆண்டு டிசம்பரிலே றேகனும் கொர்பச்சேவும் நடுத்தூர ஏவுகணைகளை ஒழிக்கும் உடன்படிக்கையிற் கையெழுத்திட்டார்கள். படம் தோற்றது. படம் கேட்ட கேள்வி தோற்கவில்லை. 1995ஆம் ஆண்டு ரீவ் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 2004இல் இறக்கும்வரை முள்ளந்தண்டுக் காயமுற்றோருக்காக உழைத்தார். அவருக்கு வேடம் கலைந்த பின்னும் வேலை மிச்சமிருந்தது.

பத்தொன்பது ஆண்டுகளின் பின், 2006இல், பிறயன் சிங்கரின் படம் வந்தது. ஐந்தாண்டு காணாமற்போன சுப்பர்மேன் திரும்பி வரும்போது, உலகுக்கு அவன் ஏன் தேவையில்லை என்று கட்டுரை எழுதி லொயிஸ் பரிசு பெற்றிருக்கிறாள். நல்ல கேள்வி. ஆனால் டொனரின் படத்தின்மேல் கொண்ட பக்தியிலே சிங்கர் அந்தக் கேள்விக்குப் பதில் தேடாமலே விட்டுவிட்டார். முன்னோரை அப்படியே பின்பற்றும் காவியத்துக்கு நேரும் குறை இது.

2013ஆம் ஆண்டின் 'உருக்கு மனிதன்' படத்திலே சக் ஸ்னைடர் அந்தப் பக்தியை முற்றாகக் கைவிட்டார். ஹென்றி கவில் நடித்தார். உலகம் அந்நியனை ஏற்காது என்று அஞ்சும் வளர்ப்புத் தந்தை, உன் இரகசியத்தை மறை என்கிறார். சகமாணவர்களைக் காப்பாற்றியது தவறா என்று மகன் கேட்க, ஒருவேளை அவர்களைச் சாக விட்டிருக்க வேண்டுமோ என்று தடுமாறுகிறார். சூறாவளியிலே தாம் சாகும்போதும் என்னைக் காப்பாற்ற வராதே என்று கையைக் காட்டுகிறார். முன்னைய படத்திலே, எல்லாம் முடிந்தவனால் தந்தையைக் காக்க முடியவில்லை. இதிலே முடிந்தும் காக்கவில்லை. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை, 2001ஆம் ஆண்டுத் தாக்குதலின் பின் அமெரிக்கா அடைந்த அச்சத்தின் தூரமாகவே நான் காண்கிறேன். இறுதிச் சண்டையிலே மாநகரத்துக் கட்டடங்கள் மக்களோடு சரிகின்றன. முடிவிலே எதிரியின் கழுத்தை அவன் முறிக்கிறான். 1939ஆம் ஆண்டின் சுப்பர்மேன் கட்டடங்களை இடிக்குமுன் உள்ளே இருந்தவர்களை வெளியேறச் சொன்னதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த இடிப்பிலே வறியவனின் வீடு பற்றிய கவலை இருந்தது. இந்த இடிப்பிலே வீட்டுக்காரரின் முகமே தெரியவில்லை. இக்குறையைப் படைப்பாளரும் உணர்ந்தனர் போலும். 2016இல் வந்த அடுத்த படம், அதே அழிவை வீதியிலே நின்றவனின் கண்ணால் மீண்டும் காட்டித் தொடங்குகிறது.

2025ஆம் ஆண்டு ஜேம்ஸ் கன் நெறிப்படுத்திய படத்தில் டேவிட் கொரன்ஸ்வெட் நடித்தார். இதிலே சுப்பர்மேன் முதற் காட்சியிலேயே தோற்று, பனியிலே விழுந்து கிடக்கிறான். மாநகரத்தை மிதிக்கும் இராட்சத மிருகத்தோடு போராடும்போதும் ஓர் அணிலை எடுத்து அப்பால் வைக்கிறான். அணிலுக்கு இடமளித்த காவியத்தை அறிந்த நமக்கு அது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றாது. பலம் மிக்க நாடொன்று எளிய அயல்நாட்டின்மேற் படையெடுப்பதை அவன் தடுத்ததற்காக, நீ யார் கேட்பதற்கு என்று அரசு வினவுகிறது. அந்நியனாதலால் உனக்குச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை என்று கூறி, வழக்கு எதுவுமின்றிச் சிறை வைக்கிறார்கள். முன்னொருநாள் விழுந்து கிடந்தவனுக்குக் கைகொடுத்த தெருவோர உணவு வியாபாரி ஒருவன் அவன் கண்முன்னே கொல்லப்படுகிறான். அவனைக் காக்க முடியவில்லை. அந்த ஒரு சாவுக்குப் படம் முகம் கொடுத்திருக்கிறது.

பெற்றவரா வளர்த்தவரா என்ற கேள்வி இங்கே கூர்மையடைகிறது. பெற்றோர் அனுப்பிய செய்தியின் முற்பாதி மாத்திரமே அவனிடம் இருந்தது. மனிதருக்குத் தொண்டு செய் என்று அவன் அதனை விளங்கிக்கொண்டிருந்தான். பகைவன் பிற்பாதியை மீட்டெடுத்து வெளியிடுகிறான். மனிதரை ஆண்டுவிடு என்பதே அதன் பொருள். ஊர் அவனைத் தூற்றுகிறது. அப்போது கன்சஸ் பண்ணைவீட்டிலே வளர்ப்புத் தந்தை சொல்வதன் சாரம், பிள்ளை எப்படி வாழ வேண்டும் என்று விதிப்பது பெற்றோரின் வேலையன்று, உன் செயல்களே உன்னை யாரென்று காட்டும் என்பதாகும். படம் முடியும்போது அவன் ஆறுதலுக்காகப் பார்ப்பது அழிந்த கிரகத்தின் செய்தியை அன்று, தன்னை வளர்த்த தம்பதியர் எடுத்த பழைய குடும்பப் படங்களை.

இத்தனை வடிவங்களையும் ஒருங்கே வைத்துப் பார்க்கையில் ஓர் உண்மை புலனாகிறது. செலவும் தந்திரமும் கூடக் கூட இக்கதை வளர்ந்தது என்று சொல்ல முடியாது. அஞ்சிய காலங்களில் அவன் தேசத்தின் ஆயுதமானான், அல்லது தன்னையே மறைத்துக்கொண்டான். துணிந்த காலங்களில், அல்லது துணிந்த ஒரு சிலரின் கையிலே, அவன் மறுபடியும் வாசலிலே நின்றான். 1951ஆம் ஆண்டின் மலிவான படமும், 1946இன் வானொலிக் கதையும், 1978, 2025ஆம் ஆண்டுகளின் பெரும் படங்களும் எனக்கு ஒரு வரிசையிலே தெரிவது இதனாலேதான். பலம் என்பது பிறப்பாற் கிடைத்தது; அதை யாருக்காகச் செலவிடுவது என்பது வளர்ப்பாற் கிடைப்பது என்ற நம்பிக்கை இந்த நான்கிலும் இருக்கிறது.

இந்த நம்பிக்கைக்குத் திரைக்கு வெளியே ஒரு பரீட்சை நடந்தது. எளியவருக்காக நிற்கும் வீரனை வைத்துச் செல்வம் ஈட்டியவர்கள், அவனைப் படைத்த எளியவர் இருவருக்காக ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நிற்கவில்லை. அவர்களுக்காக நின்றவர்கள் பறக்கத் தெரியாத சில சித்திரக்காரர்கள். ஷூஸ்டர் 1992இலும் சீகல் 1996இலும் மறைந்தார்கள். 1978 முதல் வந்த படங்களில் அவர்களது பெயர்கள் இருக்கின்றன. 130 டொலருக்கு அது முழு நீதியாகாது. என்றாலும், அடுத்த சுப்பர்மேன் படம் வரும்போது, இசை எழும்பி மேலங்கி பறக்கும் நேரத்திலே, அந்த இரண்டு பெயர்களும் திரையில் வந்து மறையும்வரை நேயர்கள் சற்றுக் கண்ணை எடுக்காமல் இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.